வீட்டுல கிடக்கிற டேப்லெட்ட வச்சு பிள்ளைங்கள இங்கிலீஷ்ல எழுத வைக்கிறது எப்படி? புதுசா தொடங்குறவங்களுக்கு

2020 ஏப்ரல்ல இங்க சிங்கப்பூர்ல கொரோனாவுக்காக சர்க்கியூட் பிரேக்கர்னு ஊரடங்கு வந்து ஸ்கூல் முழுக்க வீட்டுலேர்ந்துதான்னு ஆனப்ப அவசர அவசரமா வாங்கின டேப்லெட் நிறைய வீட்டுல இன்னும் இருக்கு, கவர் பிஞ்சு, ஓரத்துல கீறல் விழுந்து, சாப்பிடும்போது யூடியூப் பாக்கிறதுக்குன்னே. என் வீட்டுலயும் அப்படித்தான் கிடந்துச்சு. இப்ப சனிக்கிழமை காலையில எங்க புளோக் பிள்ளைங்க 5 பேர் என் ஹால்ல வந்து உக்காருவாங்க, கே டூ (பாலர் பள்ளி ரெண்டாவது வருஷம்) லேர்ந்து பி த்ரீ (பிரைமரி மூணாம் வகுப்பு) வரைக்கும், அதே டேப்லெட்டும் இன்னொரு அம்மா கொடுத்த பழைய ஒண்ணும், ரெண்ட வச்சுதான் இங்கிலீஷ் எழுத்து வேலை ஓடுது. முன்னாடி சில வருஷம் பாலர் பள்ளியில வேலை பாத்தேன், அதனால பிள்ளைங்க கூட உக்காரப் பழக்கம் உண்டு, ஆனா டேப்லெட் விஷயத்துல தடுக்கி விழுந்து விழுந்து கத்துக்கிட்டதுதான் எல்லாம். அப்பா அம்மா, டியூஷன் தொடங்குற அக்கா, வாலன்டியரா சொல்லிக்கொடுக்கிறவங்க, யாரா இருந்தாலும் நான் விழுந்த இடத்துல நீங்க விழ வேணாம்னுதான் எழுதுறேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். டேப்லெட்னா டைப் பண்றதுன்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க, நானும் அப்படி நினைச்சுதான் முதல் மாசத்த வீணாக்கினேன். சின்னப் பிள்ளைக்கு அதுல உதவுறது கேமராவும் மைக்கும்தான், கீபோர்டு இல்ல. எழுதுறதுக்கு முன்னாடி டேப்லெட் வேணும், எழுதி முடிச்ச பிறகு டேப்லெட் வேணும், நடுவுல எழுதுற நேரத்துல பென்சிலும் பேப்பரும்தான். இந்த வரிசைய மாத்தினா வேலை கெட்டுப்போகுது.

பிள்ளை கையில கொடுக்கிறதுக்கு முன்னாடி

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து நிமிஷம் ஒதுக்குங்க. செட்டிங்ஸ்ல கீபோர்டுக்குப் போய் ஆட்டோ கரெக்ஷன், அடுத்த வார்த்தைய அதுவே எடுத்துக்கொடுக்கிற பிரடிக்டிவ், ரெண்டையும் ஆஃப் பண்ணிடுங்க. இத நான் பண்ணாம விட்டதுல என்ன ஆச்சு தெரியுமா, ஒரு பி டூ பொண்ணு தன் பூனையப் பத்தி அழகா ஒரு வரி தொடங்குனா, அப்புறம் மேல வந்த மூணு வார்த்தையில நடுவுல உள்ளத அழுத்திக்கிட்டே போய் பாதிப் பக்கம் நிரப்பிட்டா, படிச்சுப் பாத்தா யாரோ ஆபீஸ்ல போட்ட ஈமெயில் மாதிரி இருக்கு. பூனைய காணோம்.

கீபோர்டு மொழிய யூகே இங்கிலீஷுக்கு மாத்துங்க, நம்ம ஸ்கூல்ல பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்தான், கலர்ல யூ வேணும். அமெரிக்கன்ல விட்டா சரியா எழுதின பிள்ளைக்கு கீழ சிவப்புக் கோடு போட்டு குழப்பிடும்.

ஐபேடா இருந்தா அக்ஸெஸிபிலிட்டிக்குள்ள கைடட் அக்ஸஸ்னு ஒண்ணு இருக்கு, அத ஆன் பண்ணிட்டு, வேண்டிய ஆப்ப திறந்து பட்டன மூணு தடவை அழுத்தினா அந்த ஒரு ஆப்ப விட்டு வெளிய போக முடியாது, வெளிய வர உங்க பாஸ்கோடு வேணும். ஆண்ட்ராய்டுலயும் ஒரு ஆப்ப பின் பண்ணி வைக்கிற வசதி உண்டு. பிள்ளைங்கள நம்பலையான்னு ஒரு அப்பா கேட்டாரு. நம்புறேன், யூடியூப்பதான் நம்பல.

ஆப் வாங்க காசு செலவழிக்க வேணாம். கேமரா, குரல் பதியிற ஆப், கூகுள் ஸ்லைட்ஸ் மாதிரி ஒண்ணு, இது போதும் முதல் ரெண்டு மாசத்துக்கு. புக் கிரியேட்டர்னு ஒண்ணு நல்லா இருக்கும், படம் குரல் எழுத்து மூணையும் ஒரே புத்தகமா கட்டலாம், ஆனா அது பிறகு. கூகுள் அக்கவுன்ட் 13 வயசுக்குக் கீழ பிள்ளை பேர்ல தனியா தொடங்க முடியாது, ஃபேமிலி லிங்க் வழியா நீங்க பாத்துக்கிற மாதிரி தொடங்கலாம், நான் என்னோட அக்கவுன்ட்லயே வச்சிருக்கேன். அப்புறம் ஆளுக்கு ஒரு டேப்லெட் இல்லையேன்னு கவலைப்படாதீங்க, ரெண்டு பேருக்கு ஒண்ணுன்னா இன்னும் நல்லது. ஒருத்தன் பேசுவான், ஒருத்தன் பதிவு பண்ணுவான், பேச்சு வந்துடும். ஆளுக்கு ஒண்ணு கொடுத்தா ஹால் அப்படியே அமைதியாயிடும், அந்த அமைதி நமக்குத்தான் சுகம், பிள்ளைக்கு அதுல ஒண்ணும் இல்ல.

முதல்ல பாக்கணும், அப்புறம் பேசணும்

நம்ம பிரைமரி ஸ்கூல்ல ஸ்டெல்லார்னு ஒரு திட்டத்துலதான் இங்கிலீஷ் நடக்குது, 2010 லேர்ந்து எல்லா ஸ்கூலுக்கும் பி ஒன்ல தொடங்கி வந்துச்சு. அதுல சின்ன வகுப்புக்கு எழுத்து எப்படி வருதுன்னா, முதல்ல எல்லாரும் சேர்ந்து ஒரு அனுபவம், ஏதாவது செய்வாங்க, பாப்பாங்க. அப்புறம் பிள்ளைங்க சொல்லச் சொல்ல டீச்சர் போர்டுல எழுதுவாங்க. பிறகு குழுவா எழுதுறது. கடைசியிலதான் பிள்ளை தனியா எழுதும். புதுசா சொல்லிக்கொடுக்க வர்றவங்க நேரா கடைசிப் படிக்குத் தாவிடுறோம், தலைப்ப கொடுத்து எழுதுன்னு சொல்லிடுறோம், பிள்ளை பென்சில கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். எழுத ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம் இல்ல, கையில பிடிக்க ஒண்ணும் இல்ல.

அதனால நாங்க எழுதுறத காப்பிக்கடையிலேர்ந்து தொடங்குனோம். கீழ பரோட்டா போடுற அண்ணன்கிட்ட கேட்டுட்டு, முகம் வராம கைய மட்டும் மூணு படம் எடுத்தோம்: மாவு உருண்டை, வீசும்போது விரிஞ்ச மாவு, தட்டுல குழம்போட பரோட்டா. மூணே மூணு. படம் எடுக்க விட்டா பிள்ளைங்க 80 எடுக்கும், அதுல 60 தரையா இருக்கும், அதனால ஆளுக்கு மூணுன்னு கறாரா சொல்லிடுங்க. எதை எடுக்கிறது எதை விடுறதுன்னு யோசிக்கிறதே கதைக்கு முதல் வேலை, அத அவங்ககிட்டயே விடுங்க.

மூணு ஏன்னா அதுக்கும் காரணம் இருக்கு. பி சிக்ஸ்ல, பிரைமரி முடியும்போது எழுதுற பிஎஸ்எல்இ பரீட்சையில, இங்கிலீஷ் பேப்பர் ஒன்ல ஒரு தலைப்பும் மூணு படமும் கொடுத்து, குறைஞ்சது 150 வார்த்தை கதை எழுதச் சொல்வாங்க, மூணுல ஒரு படத்தையாவது பயன்படுத்தணும். பி டூ பிள்ளைக்கு இப்பவே பரீட்சைப் பயிற்சி வேணும்னு சொல்லல, அய்யோ வேணவே வேணாம், பி ஒன் பி டூ ல பரீட்சையவே 2019 லேர்ந்து எடுத்துட்டாங்க. ஆனா படத்தப் பாத்து கதை பிறக்கிற பழக்கம் தன்னோட படத்துலேர்ந்து வந்தா, நாளைக்கு யாரோ வரைஞ்ச படத்தப் பாத்தும் பயம் வராது.

மேல வந்து படத்த பெருசாக்கி வச்சு பேச விடுங்க. பதிவு பண்ணுங்க. இங்க நான் ஒரு விஷயம் வேணும்னே செய்வேன், சில பேருக்குப் பிடிக்காது: முதல் தடவை தமிழ்ல சொல்லச் சொல்வேன். இங்கிலீஷ் கிளாஸ்ல தமிழான்னு ஒரு அம்மா முகம் சுளிச்சாங்க. பையன் தமிழ்ல என்ன சொன்னான் தெரியுமா, அண்ணன் மாவ வீசினாரு, அது எங்க பாட்டி சேலை காயப்போடும்போது காத்துல விரியும்ல அது மாதிரி விரிஞ்சுச்சுன்னான். இங்கிலீஷ்ல முதல்ல கேட்டப்ப இதே பையன் சொன்னது அங்கிள் மேக் பிராட்டா, வெரி நைஸ், அவ்வளவுதான். விஷயம் தமிழ்ல இருக்கு, அத எடுத்துட்டுத்தான் இங்கிலீஷுக்குப் போகணும். வீட்டுல இங்கிலீஷே பேசுற பிள்ளைன்னா இது தேவைப்படாது, அவங்க இங்கிலீஷ்லயே கொட்டட்டும்.

ரெண்டாவது தடவை இங்கிலீஷ்ல. தடுமாறட்டும், திருத்தாதீங்க. வார்த்தை தெரியலைன்னா கேப்பாங்க, அப்ப மட்டும் கொடுங்க. ஃபிளிப், ஸ்ட்ரெச், டோ, சிஸில், அன்னைக்கு இந்த நாலுதான் நான் கொடுத்தது. அவங்களே கேட்டு வாங்கின வார்த்தை மறக்கல, ஒர்க் ஷீட்ல மனப்பாடம் பண்ணது மறுவாரமே போயிடுச்சு.

பேசினா அதுவே எழுதிடுற டிக்டேஷன் வசதியப் பத்தி கண்டிப்பா கேப்பீங்க. எங்க ஹால்ல 5 பிள்ளை, கீழ ரோட்டு வேலை, ஃபேன் சத்தம், அதுல ஒருத்தி தேக்கான்னு (நம்ம லிட்டில் இந்தியா பக்கம்) சொன்னா அது டேக் எ கார்னு எழுதுச்சு, அதுக்கப்புறம் எல்லாரும் தேக்கா தேக்கான்னு மாறி மாறி கத்தி என்ன வருதுன்னு பாக்க ஆரம்பிச்சாங்க, கிளாஸ் முடிஞ்சது. சிரிப்ப விடுங்க, அது பிள்ளைக்காக எழுதிக்கொடுத்துடுது, ஸ்பெல்லிங்கோட. எழுத்தே சரியா வராம கஷ்டப்படுற பிள்ளைக்கு அது பெரிய துணை, மத்தவங்களுக்கு வெறும் குரல் பதிவே போதும். திரும்பப் போட்டுக் கேட்டு, நிறுத்தி, எழுதி, மறுபடி கேட்டு எழுதும்போது வாக்கியம் எங்க முடியுதுன்னு அவங்க காதுக்கே தெரியும்.

நடுவுல பென்சில்

இப்ப டேப்லெட்ல படம் மட்டும் திறந்திருக்கட்டும், எழுதுறது பேப்பர்ல. படத்துக்கு ஒண்ணுன்னு மூணு வாக்கியம், கே டூ பிள்ளைன்னா ஒரே வாக்கியம். பிஎஸ்எல்இ பேப்பர் ஒன் 1 மணி 10 நிமிஷம், கையாலதான் எழுதணும், விரல் பழகலைன்னா தலையில இருக்கிறது பேப்பருக்கு வராது. டைப்பிங் பழகலையேன்னு கவலை வேணாம். செகண்டரிக்குப் போனா சொந்தமா ஒரு டிவைஸ் வந்துடும், 2021 லேர்ந்து எல்லா செகண்டரி பிள்ளைங்களுக்கும் இருக்கு, விரல் ரெண்டு வாரத்துல பழகிடும். கண்ணாடி மேல விரலால எழுத வைக்கிற ஆப்பும் இருக்கு, வழுக்கும், எழுத்து பெருசு பெருசா வரும், கே ஒன் பிள்ளைக்கு எழுத்து வடிவம் காட்ட ஓகே, அதுக்கு மேல நான் தொடுறதில்ல.

ஸ்பெல்லிங் தப்பா எழுதினா அப்ப விடுங்க. சத்தத்த வச்சு எழுதியிருந்தா அது நல்ல அறிகுறி.

எழுதி முடிச்ச பிறகு, டேப்லெட் படிச்சுக் காட்டட்டும்

இந்தப் பகுதிக்காகவே நான் டேப்லெட்ட விட மாட்டேன். பிள்ளை பேப்பர்ல எழுதினத ஸ்லைட்ல படத்துக்குக் கீழ டைப் பண்ணணும், பேப்பர்ல இருக்கிற மாதிரியே, தப்போட. அப்புறம் எழுத்த செலக்ட் பண்ணி ஸ்பீக் கொடுத்தா அது வாய்விட்டுப் படிக்கும், ஐபேடுல அக்ஸெஸிபிலிட்டிக்குள்ளயே இதையும் ஆன் பண்ணிக்கலாம், ஆண்ட்ராய்டுல செலக்ட் டு ஸ்பீக். நாம படிச்சா என்ன பண்ணுவோம்னா, விட்டுப்போன வார்த்தைய நம்மள அறியாம சேத்துப் படிச்சிடுவோம், பிள்ளையும் அப்படித்தான் படிக்கும், மனசுல இருக்கிறததான் படிக்கும். மெஷினுக்கு அந்த இரக்கம் கிடையாது. புள்ளி வைக்கலைன்னா நாலு வாக்கியத்தையும் ஒரே மூச்சுல படிச்சுத் தள்ளும், பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிக்கும், அடுத்த நிமிஷம் தானே புள்ளி வைக்கும். ஃபுல் ஸ்டாப் வைன்னு எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன், ஒண்ணும் நடக்கல, இது ஒரே காலையில நடத்திடுச்சு.

கேட்டு முடிச்சதும் ஒரே ஒரு விஷயத்த மட்டும் திருத்துங்க. எல்லாத்தையும் திருத்தினா பிள்ளை சுருங்கிடும். எத எடுக்கிறதுன்னா, நம்ம தமிழ்ப் பிள்ளைங்களுக்கு வழக்கமா வர்றது இந்த மூணு, நாலு:

நேத்து நடந்தத யெஸ்டர்டே ஐ கோ ன்னு எழுதுறது. இது தமிழால வர்றது இல்ல, இங்க சுத்தி பேசுற சிங்லிஷால, சிங்கப்பூர் பேச்சு இங்கிலீஷால வர்றது, ஆல்ரெடி போட்டா முடிஞ்சதுன்னு அர்த்தம். தமிழ்ல காலம் வினையிலேயே இருக்கு. அதனால திட்டாம, தமிழ்ல நேத்து தேக்காவுக்குப் போறேன்னு சொல்லுவியான்னு கேளுங்க. சீ, போனேன்னுதான் சொல்லணும்னு பிள்ளையே சொல்லும். அப்ப கோ என்னவாகணும்? வென்ட். முடிஞ்சது வேலை. அவன் போறான்னு சொல்றோம், அவன் போறேன்னு சொல்றோமா? அதே கதைதான் ஹீ கோஸ், ஆள் மாறினா வினையும் மாறுது. தமிழ் தெரிஞ்ச பிள்ளைக்கு இது பாதி தெரிஞ்ச பாடம், நாமதான் கோத்துவிடுறதில்ல.

ஆர்ட்டிக்கிள் நெஜமாவே கஷ்டம், ஏன்னா தமிழ்ல தி கிடையவே கிடையாது. ஐ சா டாக் ன்னுதான் வரும். முதல் படத்துல வந்தப்ப எ டாக், ரெண்டாவது படத்துல அதே நாய் வந்தா தி டாக், இத ஸ்லைட்ட தள்ளித் தள்ளிக் காட்டினா புரியுது. இருந்தாலும் மறப்பாங்க, விடுங்க, அதுக்கு வருஷக்கணக்கு ஆகும்.

அப்புறம் இன், ஆன், அட். பஸ்ல, மேசையில, பையில, ஸ்கூல்ல, எல்லாத்துக்கும் நமக்கு ஒரே ல போதும், இங்கிலீஷ்காரனுக்கு மூணு வேணும். இதுக்கு ஒரு சனிக்கிழமை முழுசா கொடுங்க. மைலோ டின்னும் ஒரு ரப்பரும் போதும், உள்ள ஒண்ணு, மேல ஒண்ணு, அடியில ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு படம் எடுத்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி. இன்னைக்கு வரைக்கும் எங்க பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிச்ச கிளாஸ் அதுதான், ஒரு பையன் ரப்பர ஃபேன் மேல வைக்கப் பாத்தான், அத மட்டும் தடுத்தேன்.

வரிசை மாத்துறதுக்கும் ஸ்லைட் நல்லது. பி த்ரீ பிள்ளைங்க கதைய எப்பவும் காலையில எழுந்தேன் பல் விளக்கினேன்லேர்ந்து தொடங்குவாங்க. நாலாவது ஸ்லைட்ட இழுத்து முதல்ல போட்டுப் பாருன்னு சொல்லுங்க, லிஃப்ட் பாதியில நின்னதுலேர்ந்து கதை தொடங்கும். பேப்பர்ல இத செய்யச் சொன்னா முழுசா திரும்ப எழுதணும், அழுதுடுவாங்க.

ஃபான்ட், கலர், ஸ்டிக்கர் எல்லாம் கடைசி 5 நிமிஷம். இத சட்டமாவே போட்டுடுங்க. ஒரு பொண்ணு தலைப்புக்கு கலர் தேடியே முக்கால் மணி நேரம் ஓட்டினா, தலைப்பு மட்டும்தான் இருந்துச்சு.

சாட்பாட் எழுதிக் கொடுக்காதா?

கொடுக்கும், பிரமாதமா கொடுக்கும், அதான் பிரச்சனை. பி டூ பிள்ளையால எழுதவே முடியாத வாக்கியம் வரும், டீச்சர் ஒரு வரியில கண்டுபிடிச்சிடுவாங்க. அத விட, பிள்ளை தன் மூணு வரிய அதோட ஒப்பிட்டுப் பாத்து வெக்கப்படும். சின்ன வகுப்புக்கு நான் திறக்கவே இல்ல. 2018 லேர்ந்து ஸ்கூல்ல எஸ்எல்எஸ்னு ஒரு ஆன்லைன் பாடத் தளம் இருக்கு, டீச்சர் அதுல வேலை கொடுத்தா அத முதல்ல முடிக்கச் சொல்லுங்க, நம்ம வேலை அதுக்கு மேல கூடுதல்தான்.

நேரம், படம், காசு

2025 ஜனவரியில அரசாங்கம் தொடங்கின குரோ வெல் எஸ்ஜிங்கிற பிள்ளைங்க ஆரோக்கியத் திட்டத்தோட வழிகாட்டியில, 7 லேர்ந்து 12 வயசுப் பிள்ளைக்கு ஸ்கூல் வேலை போக ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்குள்ள திரை இருக்கணும்னு சொல்றாங்க, ஒண்ணரை வயசுலேர்ந்து 6 வயசு வரைக்கும் ஸ்கூலுக்கு வெளிய 1 மணி நேரத்துக்குள்ள. எங்க கிளாஸ் ஒண்ணரை மணி நேரம், அதுல டேப்லெட் கையில இருக்கிறது கூட்டினா 35, 40 நிமிஷம்தான் வரும், மிச்சம் நடக்கிறது, பேசுறது, பென்சில். கே டூ பிள்ளைக்கு 15 நிமிஷத்துல வாங்கி வச்சிடுவேன், அதுக்கு மேல அது எழுதுறதில்ல, தேய்க்குது.

படம் எடுக்கும்போது மத்த பிள்ளைங்க முகம், ஸ்கூல் பேட்ஜ், வீட்டு நம்பர் வராம பாத்துக்கோங்க. முடிஞ்ச புத்தகத்த வாட்ஸ்அப் குரூப்ல போடுறதுக்கு முன்னாடி அந்தந்த அம்மாகிட்ட கேளுங்க. நான் கேக்காம போட்டு ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கிட்டேன், நியாயமான கோபம்தான்.

புது டேப்லெட் வாங்கணும்னே இல்ல. பழைய சாமான் வாங்கி விக்கிற கரோசெல் ஆப்ல செகண்ட் ஹேண்ட் கிடைக்கும், வாங்குறதுக்கு முன்னாடி மைக்குல பேசிப் பதிஞ்சு கேட்டுப் பாருங்க, பேட்டரியப் பாருங்க, திரையில கீறல் இருந்தா பரவாயில்ல. படிக்கிறதுக்கு நம்ம தேசிய நூலகத்தோட என்எல்பி மொபைல் ஆப்பும், மின்புத்தகம் படிக்கிற லிப்பி ஆப்பும் போட்டுக்கோங்க, லைப்ரரி மெம்பர்ஷிப்ல இங்கிலீஷ் தமிழ் ரெண்டுலயும் பிள்ளைங்க மின்புத்தகம் எடுக்கலாம். எழுதுற பிள்ளை படிக்கணும், அதுக்கு சுருக்கு வழி எந்த ஆப்லயும் இல்ல.

பாட்டி வீட்டுல இருந்தா அவங்கள மறக்காதீங்க. பிள்ளை தமிழ்ல கேள்வி கேக்கட்டும், பாட்டி சொல்றத பதிவு பண்ணட்டும், அப்புறம் அதுல மூணு வரி இங்கிலீஷ்ல. பாட்டி சின்ன வயசுல கம்பத்துல (அந்தக் காலத்து கிராமத்துல) இருந்தப்ப வெள்ளம் வந்து கோழிக்கூண்டு மிதந்து போன கதைய எங்க கிளாஸ்ல ஒரு பி த்ரீ பையன் இப்படித்தான் எழுதினான், பேரன் எழுதினத டேப்லெட் இங்கிலீஷ்ல படிக்கக் கேட்ட பாட்டி, கோழி ரெண்டு இல்லடா, நாலுன்னு தமிழ்ல திருத்தினாங்க. அவன் போய் டூ வ அழிச்சுட்டு ஃபோர் போட்டான், யூ விட்டுப்போச்சு, மெஷின் ஃபார்னு படிச்சுது, மறுபடி திருத்தினான்.

இந்த சனிக்கிழமையே தொடங்குறதா இருந்தா ஒரே ஒரு படம், ஒரு நிமிஷம் பேச்சு, மூணு வாக்கியம், ஒரு தடவை கேட்டு ஒரு திருத்தம், அத்தோட நிறுத்திடுங்க, இன்னும் கொஞ்சம்னு பிள்ளை கேட்டாலும். டேப்லெட்ட ராத்திரியே சார்ஜ்ல போடுங்க. பென்சில் சீவுறது ரெண்டு வாங்கி வைங்க, ஒண்ணு எப்பவும் சோஃபாவுக்கு அடியில போயிடும்.